நுனியைக் கிள்ளாதவர்களுக்கு

நெப்பந்தஸ் என்னும் குடுவைச் செடியை வளர்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் குடுவையோடு நின்றுவிடுகிறார்கள். வாய் விளிம்பு எத்தனை சிவப்பு, வயிறு எத்தனை பெரிது, இதுதான் பேச்சு. பூவைப் பற்றி எடுத்தால், "பச்சையா ஒரு குச்சி வரும், அதானே?" என்று முடித்துவிடுவார்கள். என் கட்சி வேறு. விரல் நீளக் கன்றுகூடக் குடுவை விட்டுவிடும். கொடி தேறிவிட்டதா என்பதைப் பூக்கதிர்தான் சொல்லும். அதிலும் நெப்பந்தஸ் காசியானாவின் கதிருக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

கினபாலு மலையின் நெப்பந்தஸ் ராஜாவைப் படத்தில் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. லிட்டர் கணக்கில் நீர் பிடிக்கும் குடுவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்மலைச் செடியைத் தமிழ்நாட்டுச் சமவெளியில் வைத்துக் காப்பாற்றுவது மின்கட்டணத்தோடு நடத்தும் மல்லுக்கட்டு. காசியானா நம் நாட்டுச் செடி, மேகாலயத்தின் காசி, கரோ, ஜயந்தியா மலைகளைச் சேர்ந்தது. இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ். தாவரவியலாளர் ஹூக்கர் 1850-ல் அந்த மலைகளில் சுற்றியவர். 1873-ல் இதற்குப் பெயர் வைத்து எழுதியவரும் அவரே. நம் பக்கத்தில் இதைப் பார்க்க நினைப்பவர்கள் ஏற்காட்டுக்குப் போகலாம். பொட்டானிக்கல் சர்வே 1963-ல் அங்கே தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆர்க்கிடை விட்டுவிட்டு இதைத்தான் தேடுகிறார்கள். தேடி வந்து, குடுவைக்குள் எட்டிப் பார்த்து, "பூச்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தலைக்கு மேலே கொடி எங்கே போகிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது அங்கேதான். கொடியின் நுனியிலிருந்தே கதிர் எழும்பும். பிறகு பக்கத்து மொட்டு தலைமையை எடுத்துக்கொண்டு கொடியை வளர்க்க, கதிர் ஓரமாக ஒதுங்கி நிற்கும். பூக்கள் அடியிலிருந்து வரிசையாக மேல்நோக்கி விரியும். இதழ் என்று தனியாக எதுவும் கிடையாது. நான்கு பச்சை மடல்கள், பின்னோக்கி வளைந்து, நாளாக ஆகச் செம்பழுப்பு ஏறும். மடலின் மேல்பரப்பு முழுக்கத் தேன் சுரப்பிகள். சாய்ந்த வெயிலில் துளித்துளியாக மின்னும். ஆண் பூ என்றால் நடுவே ஒரு சிறு தூண், அதன் உச்சியில் மஞ்சள் மகரந்த உருண்டை. பெண் பூ என்றால் அந்த இடத்தில் பச்சைச் சூலகம். மணம் எல்லாருக்கும் பிடிக்காது. பூசண வாடை கலந்த ஒரு தித்திப்பு அது. ஈக்கு நன்றாகவே பிடிக்கிறது.

என் பெரியப்பா பழுத்த சமணர். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை வைக்கமாட்டார். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார். ஜினகாஞ்சி மடம் இருக்கிற மேல்சித்தாமூரில், அவர் வீட்டுப் பின்கட்டில், பூச்சி தின்னும் செடி. "ஓரறிவு உயிர் மூவறிவு எறும்பைத் தின்னுது, அதுக்கு நீ தண்ணி ஊத்துற" என்றார். கதிர் விரிந்த அன்று அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மேல்மாடியில் அன்னதானம், கீழ்மாடியில் கசாப்பு, ஒரே வீடு. மகரந்தம் சுமக்க வேண்டிய ஈயைக் குடுவைக்குப் பலிகொடுத்துவிடக் கூடாது, அதனால்தான் கதிர் இத்தனை உயரத்தில் நிற்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். "பாவக்கணக்கு தீராதுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்து பார்த்தார்.

குடுவை கட்சிக்காரர்களிடம் வலுவான சாட்சியம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். புற ஊதா ஒளியில் காசியானாவின் வாய் விளிம்பு நீல வளையமாக ஒளிர்வதைத் திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோடு தாவரத் தோட்ட ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். அந்த வளையத்தைப் பூசி மறைத்ததும் விழும் எறும்புகள் வெகுவாகக் குறைந்தன. திறக்காத குடுவைக்குள் கரியமில வாயு செறிந்திருப்பதையும் அவர்களே பின்னர் அளந்து சொன்னார்கள். அருமையான வேலை. பூவுக்கும் அப்படி ஒரு குழு உட்கார்ந்தால் என் மனம் ஆறும்.

மேல்சித்தாமூரில் இது பூக்குமா என்று செஞ்சிப் பக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். சித்திரையில் பாறை அனலடிக்கிற நாடு, நியாயமான கேள்விதான். போர் தண்ணீரை ஒரு சொட்டும் காட்டக் கூடாது. உப்பு வேரைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைத்தால் கோடைக்குப் பாதி வரும். மீதிக்கு ஏசி சொட்டுத் தண்ணீர். தென்னை நார்க் கழிவைப் பலமுறை அலசி, பெர்லைட் கலந்து, எருவே போடாமல் நட வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை குடுவை சிறுக்கும், சில இலைகளில் சுருள்நுனி கருகிக் குடுவையே வராது. பதற வேண்டாம். கிணற்றடி நிழலில் ஈரம் காத்தால் கொடி பிழைத்துக்கொள்ளும். பூவுக்கு வேண்டியது நிறைய வெளிச்சமும், ஏறிப்போகப் பந்தலும், வளர்ப்பவரின் பொறுமையும்தான்.

அந்தப் பொறுமைதான் இப்போது சந்தையில் இல்லை. தொங்குதொட்டியில் புதராகத் தெரிய வேண்டும் என்று நர்சரிகளில் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வரும், குடுவை வரும், வாங்குகிறவர் மகிழ்வார். கதிர் மட்டும் வராது. முன்பு செடி மாற்றிக்கொள்பவர்கள் எந்தக் கொடியிலிருந்து வெட்டிய தண்டு என்று சொல்லிக் கொடுப்பார்கள். இன்று வென்ட்ராட்டா கலப்பினத்தையே காசியானா என்று எழுதி விற்கிறார்கள். அதைவிட மோசம், மலையிலிருந்து பிடுங்கி வந்த செடி. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் காசியானா இருக்கிறது, நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. இந்தச் செடிக்காகவே கரோ மலையில் பாக்மாரா சரணாலயம் இருக்கிறது. பிடுங்கியதை வாங்காதீர்கள்.

இன்னொரு சங்கடம். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தண்டு வெட்டிப் பரப்பினால் ஆணிலிருந்து ஆண்தான் வரும். என் கொடி ஆண். எனக்குத் தெரிந்த வட்டத்தில் பூத்தவை எல்லாமே ஆண். இரண்டும் ஒரே பருவத்தில் பூத்தால்தான் காயும், நூல் போன்ற அந்த மெல்லிய விதையும். அதனால், உங்கள் காசியானா என்றைக்காவது பூத்தால், குடுவையைப் படம் பிடிக்கும் முன் பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஆணா பெண்ணா என்று சீட்டில் எழுதி, அந்தக் கொடியிலிருந்து நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தண்டோடும் அதைக் கட்டி அனுப்புங்கள்.