மாணவர் உண்டி: ஒரு திறனாய்வு

இக்கால மாணவர் பாணையும் கொத்துரொட்டியையும் உடனடி நூடில்ஸையுமே நாடி, முன்னோர் உண்ட தவசங்களை மறந்தனர் என்று குறை கூறுவார் பலர். நாவடக்கமின்மையே அதற்குக் காரணம் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பொருந்துமா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறை கூறுவாரிடத்து உண்மை இல்லாமலில்லை. வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் நீங்கிவிடுகின்றன. அவற்றோடு நார்ச்சத்தும் பீ வகை உயிர்ச்சத்துக்களும் பெரும்பாலும் ஒழிகின்றன. குரக்கனிலோ 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு.

ஆயின், காரணம் கூறுமிடத்து அவர் வழுவுகின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, மாணவர் உடனுறைந்து கற்கும் இடமாக அது விளங்கவேண்டும் என்பதே சேர் ஐவர் ஜெனிங்சின் கருத்து. விடுதி புகுந்த மாணவர்க்கு வீட்டு அடுப்பு இல்லை. விரிவுரைகளுக்கிடையே கிடைக்கும் சிறுபொழுதும் கையிலுள்ள பணமுமே அவர்தம் உண்டியை வரையறுக்கின்றன. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அத்தகைய காலத்தில் நாவடக்கம் போதித்தல், பசித்தவனுக்கு நோன்பின் பெருமையை உரைத்தலை ஒக்கும்.

மேலும், மாறியவர் மாணவர் மட்டுமோ? நம் வீடுகளிலேயே பிட்டும் இடியப்பமும் அவித்த கோதுமை மாவால் ஆக்கப்படுதல் வழக்காகிவிட்டது. பெயர் பழையதாக நிற்கத் தானியம் மாறிற்று. வீட்டில் யாம் கைவிட்டதை விடுதியில் அவர் காக்கவேண்டும் என்பது நீதியன்று.

விரைவில் கிடைத்தல் உணவிற்குக் குற்றமுமன்று. கதலிப்பழமும் அவித்த கடலையும் எள்ளுருண்டையும் விரைவில் கிடைப்பனவே. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் நடைபெறும் ‘ஹெல பொஜுன்’ உணவகத்தை நோக்குக. அங்கே கிராமப் பெண்கள், உண்போர் காணவே, குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் பண்டங்களைச் சுட்டு வழங்குகின்றனர், இலைக்கஞ்சியும் கிடைக்கின்றது. மரபுணவை விரைவுணவாக்கலாம் என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆயினும், விடுதியறையில் இரவு நெடுநேரம் படிப்போர்க்கு அது எட்டாத் தொலைவினது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, உண்டதன் செரிமானத்தையும் பசியையும் அளவையும் பேசுகின்றது. இன்ன தானியத்தையே உண்க என்று அது விதிக்கவில்லை. உண்பவன் தன் உடலறிந்து தெரிவுசெய்வான் என்பது ஆண்டுப் பெறப்படும். தெரிவுசெய்தற்கோ இரண்டேனும் முன்னிருத்தல் வேண்டும். உருட்டப்பமும் றோல்சும் மட்டுமே அடுக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டியின்முன் நிற்பவர்க்குத் தெரிவு யாது?

ஆதலின் திறனாய்வு மாணவரை விட்டு, அவர்க்கு உணவு வழங்கும் ஏற்பாட்டின்மேற் செல்லுதல் தகும். நம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைகளிலேயே இதனைத் தொடங்கலாம். காலையில் இலைக்கஞ்சியும், இடைவேளையில் அவித்த பயறும் குரக்கன் ரொட்டியும், றோல்சின் விலைக்கு மேற்படாமல் ஓராண்டு விற்கப்படுக. அதன் பின்னரும் மாணவர் அவற்றை ஒதுக்குவராயின், அவர்தம் நாவைக் குறைகூற நமக்கு உரிமை உண்டாகும்.