கூலன்ட் குறைந்தால் கார் என்ன சொல்கிறது?

மின்சாரக் காரில் இன்ஜின் இல்லை, அதனால் ரேடியேட்டர் கவலையும் இல்லை என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். வாங்கிய நாள் முதல் பானட்டையே திறக்காதவர்களும் உண்டு. பிறகு ஒருநாள், வெயில் கொளுத்தும் நெடுஞ்சாலையில், பேட்டரியையும் மின்னணுப் பாகங்களையும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவு என்ற எச்சரிக்கை திரையில் வந்து நிற்கும். அடுத்த டோல்கேட்டில் வண்டியை ஓரங்கட்டி, பின்சீட்டில் கிடக்கும் குடிநீர் பாட்டிலை எடுப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பெட்ரோல் கார் பழக்கிய பழக்கம் அது. மின்சாரக் காரில் அந்தப் பழக்கம் ஆபத்தானது.

இந்த எச்சரிக்கை ஓட்டுநருக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை அறிய இரண்டு கார்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று அமெரிக்காவின் செவர்லே வோல்ட். பெரிய பேட்டரியோடு பெட்ரோல் இன்ஜினும் கொண்டது. மற்றது 2019 ஜூலையில் இந்தியச் சந்தைக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்ட ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்.

வோல்ட்டின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு தீ விபத்து இருக்கிறது. 2011 மே மாதம் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் காரின் பக்கவாட்டைக் கம்பத்தில் மோதவைத்துச் சோதித்தது. மோதலில் பேட்டரிப் பெட்டி சேதமடைந்து கூலன்ட் கசிந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து, அந்தச் சேதத்தாலும் கசிவாலும், நிறுத்திவைத்த இடத்திலேயே கார் தீப்பற்றியது. பக்கத்தில் நின்ற வண்டிகளும் எரிந்தன. சாலையில் ஓடிய வோல்ட் எதிலும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் 2012 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் மூன்று மாற்றங்களை அறிவித்தது: பேட்டரியைச் சுற்றியுள்ள சட்டத்துக்குக் கூடுதல் வலு, கூலன்ட் பாட்டிலில் மட்டத்தைக் கண்காணிக்கும் சென்சார், அளவுக்கு மேல் ஊற்ற முடியாதபடி பாட்டிலின் வாயில் ஒரு தடுப்பு.

அந்த சென்சார் மிகக் கறாரானது. பேட்டரி கூலன்ட்டின் மட்டம் இறங்கிவிட்டது என்று தெரிந்தால் கார் சார்ஜ் ஏற மறுத்துவிடும். அதுவரை சரி. ஆனால் திரையில் வருவது 'உயர் மின்னழுத்த சார்ஜிங் அமைப்பைச் சர்வீஸ் செய்யவும்' என்ற பொருள்படும் வாசகம். கூலன்ட் என்ற சொல்லே அதில் கிடையாது! ஒரு விரற்கடை திரவம் குறைந்ததற்கு, பேட்டரியே போய்விட்டதோ என்று ஓட்டுநர் பதறிப்போவார். திரவத்தை நிரப்பினாலும் சார்ஜ் தடை தானாக விலகாது. பதிவான பிழைக் குறியீட்டைச் சர்வீஸ் கருவி கொண்டு அழிக்க வேண்டும்.

கோனா நேர்மாறு. 'இன்வெர்ட்டர் கூலன்ட்டை நிரப்பவும்' என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று சொல்லிவிடுகிறது. பயமுறுத்தவில்லை, என்ன குறைந்திருக்கிறது என்பதும் புரிகிறது. எதை ஊற்றுவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. குடிநீர் பாட்டில் கைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

ஏன் அதை ஊற்றக் கூடாது? பாட்டில் குடிநீரிலும் குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரிக்கும், அதன் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கும் மிக அருகில் ஓடும் திரவம் உள்ளுக்குள் கசிந்தால், உப்புக் கலந்த தண்ணீர் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி திறந்துவிடும். குழாய்களில் துருவும் உப்புப் படிவும் வேறு. ஹூண்டாயும் கியாவும் பிந்தைய மின்சாரக் கார்கள் பலவற்றில் மின்கடத்தும் திறன் குறைந்த நீல நிறக் கூலன்ட்டையே பேட்டரிக்குப் பயன்படுத்துகின்றன. அதில் சாதாரணப் பச்சைக் கூலன்ட்டைக் கலப்பதும் தவறு. நிறத்தை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. கையேட்டில் அந்தக் காருக்கென்று குறிப்பிட்ட வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சார்ஜரில் போட்டிருந்தால் கழற்றி, காரை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது விசிறியும் பம்ப்பும் தாமாகவே ஓடத் தொடங்கும் என்பதால் இது முக்கியம். சூடு ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. பிறகு, கார் சமதரையில் நிற்கும் நிலையில், மட்டம் இரு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாட்டிலின் வெளிப்பக்கமாகவே பார்க்கலாம். பேட்டரிக்கு ஒன்று, மின்னணுப் பாகங்களுக்கு ஒன்று என்று சில கார்களில் பல பாட்டில்கள் இருக்கும். எல்லாவற்றையும் பார்ப்பது நல்லது. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கம் கை போகவே கூடாது.

மட்டம் சரியாக இருந்தும் எச்சரிக்கை அணையவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம். அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால், குழாயில் சிக்கியிருந்த காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்குவதும் உண்டு. ஒருமுறை நிரப்பிய பிறகும் திரும்பக் குறைந்தால் கசிவு என்றே கொள்ள வேண்டும். மூடிய சுற்றில் ஓடும் திரவம் தானாகக் காணாமல் போகாது. அப்படிப்பட்ட காரை வேக சார்ஜரில் போடாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதே சரி. பேட்டரி மிகவும் சூடாகும் நேரங்களில் ஒன்று அந்த வேக சார்ஜிங்.

இரண்டில் எது மேல்? பாதுகாப்பில் வோல்ட், தெளிவில் கோனா. சார்ஜை நிறுத்தும் வோல்ட்டின் கண்டிப்பு ஒவ்வொரு மின்சாரக் காருக்கும் வேண்டும். எந்தப் பாட்டிலில் குறைந்திருக்கிறது, எந்தத் திரவத்தை ஊற்ற வேண்டும், தண்ணீர் கூடாது என்ற மூன்றையும் நிறுவனங்கள் திரையிலேயே தமிழிலும் காட்ட வேண்டும். அதுவரை, கையேட்டில் கூலன்ட் பற்றிய பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை படித்துவிட்டு, பானட்டைத் திறந்து அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.