மலைக்கதையும் மன்னிக்கும் வாசகரும்

ஒரே துப்பறிவாளர் பல கதைகளில் தொடர்ந்து வரும் புனைவு வரிசையில் ஒரு கதை சோர்ந்துபோனால், அதன் தீவிர வாசகர்கள் ஏமாற்றத்தை ஒப்புக்கொண்ட மறுகணமே ஆசிரியருக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயவின் பிற்கால ப்யோம்கேஷ் பக்ஷி கதைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்த வாதாட்டத்தைக் கேட்கலாம். பம்பாய்த் திரையுலகில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு 1952இல் புணேயில் குடியேறியவர், கல்கத்தாவின் சந்துகளையும் மேன்சன் அறைகளையும் நினைவிலிருந்து மட்டுமே எழுத வேண்டியிருந்தவர், வயதும் ஏறிக்கொண்டிருந்தவர். ஆகவே கதைகளில் தளர்ச்சி தெரிவது இயல்பு என்பது அதன் சாரம். படைப்பின் குறைக்குப் படைத்தவரின் வாழ்க்கையில் காரணம் கண்டுபிடித்து அமைதியடையும் இவ்வழக்கத்தைச் சமாதான வாசிப்பு என்று பெயரிட்டு அழைக்கலாம். அது அன்பில் பிறந்த வழக்கம்தான். ஆனால் துப்பறியும் இலக்கியத்தை வாசிக்கும் முறைகளில் அதைப்போல் கண்ணை மறைப்பது வேறொன்றில்லை.

அதற்குரிய பெருமையை மறுக்க வேண்டியதில்லை. 1932இல் தொடங்கிய ப்யோம்கேஷ் வரிசை, 1936க்குப் பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் நின்றுபோய், 1950களின் தொடக்கத்தில் மீண்டும் உயிர் பெற்றதற்கு, கல்கத்தா சென்ற ஆசிரியரிடம் அங்கிருந்த இளம் வாசகர்கள் ப்யோம்கேஷ் ஏன் வருவதில்லை என்று கேட்டதே தூண்டுதல். முற்றுப்பெற்ற முப்பத்திரண்டு கதைகளில் பெரும்பகுதி அந்தப் பற்றின் விளைவு. ஒரு கதை சறுக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வாசகர்களால் எந்த வரிசையும் நீண்டிருக்காது. சில இடங்களில் வாழ்க்கைக் காரணம் உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் புணேயைக் காரணமாகக் காட்டும் வாதம், காலவரிசையை எடுத்துவைத்த உடனே நிற்க முடியாமல் போகிறது. பின்னர் சத்யஜித் ராய் 1967இல் திரைப்படமாக்கிய ‘சிடியாகானா’, கல்கத்தாக் கலவரக் காலத்தையும் விடுதலை நாளையும் பின்னணியாகக் கொண்ட ‘ஆதிம் ரிபு’ ஆகிய இரண்டும், வரிசையின் மிகச் சிறந்த கதைகள் என்று அதே வாசகர்கள் கொண்டாடுபவை, ஆசிரியர் புணேக்கு வந்த பின்னரே எழுதப்பட்டன. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து எழுதப்பட்ட அந்தக் கல்கத்தாவில் மண்வாசனை குறைந்ததாக எவரும் முறையிட்டதில்லை. விஜயநகரப் பேரரசைக் களமாகக் கொண்ட ‘துங்கபத்ரார் தீரே’ என்னும் வரலாற்று நாவல் 1965இல் வந்து, 1967இல் ரவீந்திர புரஸ்காரம் பெற்றபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. புணே மண் கொடுத்த சிவாஜி காலத்துச் சிறுவன் சதாசிவனின் கதைகளும் அங்குதான் பிறந்தன. ஒரே ஊரில், ஒரே மேசையில், ஒரே வயதில் ஒரு நூல் உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் நிற்குமானால், காரணத்தை ஊரிலும் வயதிலும் தேடுவது வீண் வேலை.

இவ்வாதத்தின் பெருங்குறை மிகத் தெளிவாக வெளிப்படுவது ‘சைல ரகசியம்’ என்னும் கதையைப் பற்றிய பேச்சில்தான். புணேயிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் சகியாத்திரி மலைமேல் உள்ள மகாபலேஷ்வரில், கூட்டமற்ற காலத்தில், சஹ்யாத்ரி ஹோட்டலில் தங்கும் ப்யோம்கேஷ், கல்கத்தாவிலுள்ள நண்பர் அஜித்துக்கு எழுதும் கடிதமாக அக்கதை விரிகிறது. குளிர், வெறிச்சோடிய தாழ்வாரங்கள், பார்சி உரிமையாளரின் உபசரிப்பு ஆகியவற்றைச் சரதிந்து நேரில் கண்டவரின் துல்லியத்தோடு எழுதியிருக்கிறார். இடத்தைப் பொறுத்தவரை வரிசையிலேயே செறிவான பக்கங்கள் அவை என்று சொன்னாலும் தவறில்லை. கோளாறு அதற்கடுத்த படியில் தொடங்குகிறது. ப்யோம்கேஷ் அந்த இடத்தில் இறந்தவர் ஒருவரின் ஆவியின் இருப்பை உணர்கிறார், அதை ஏற்றுக்கொள்கிறார், விசாரணையும் அந்த ஏற்பிலிருந்தே புறப்படுகிறது.

இதைக் கண்டு முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு உடனே ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: சரதிந்துவுக்குச் சோதிடத்திலும் அமானுஷ்யத்திலும் ஈடுபாடு உண்டு, வரதா என்ற பாத்திரத்தை வைத்து அவர் பேய்க்கதைகள் பல எழுதியவர், ஆகவே ப்யோம்கேஷின் உலகத்திலும் ஆவி ஒன்று எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை என்பதாகும். இந்தச் சமாதானம் சொல்லும் செய்தி ஒவ்வொன்றும் உண்மையே. ஆனால் அவற்றைக் கூட்டிப் பார்த்தால் கதையைப் பற்றி ஒரு சொல்கூட மிஞ்சாது. பேய்க்கதைகள் எழுதிய அதே கைதான் 1930களில் ப்யோம்கேஷையும் வரதாவையும் முங்கேர் நகரில் நேருக்கு நேர் நிறுத்தி, ஆவி என்று ஊரார் அஞ்சியதற்குப் பின்னால் மனிதக் கை இருந்ததைப் ப்யோம்கேஷைக் கொண்டே நிறுவியது. ஈடுபாடு அன்றும் இருந்தது. அந்த ஈடுபாட்டைத் துப்பறிவாளரின் முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கலை உறுதியும் இருந்தது. மலைக்கதையில் காணாமல் போனது அந்த உறுதியே.

துப்பறியும் கதை, எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். துப்பறிவாளரின் கண்ணில் பட்ட தடயம் வாசகரின் கண்ணிலும் பட வேண்டும், அதை எடைபோட்டுப் பார்க்க வாசகருக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் வகுத்த பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, அமானுஷ்ய ஆற்றல்களை முற்றாக விலக்கியது இந்த நியாயத்தை ஒட்டித்தான். ஆவி தரும் குறிப்பை வாசகர் எந்தத் தராசில் நிறுப்பார்? சாட்சி பொய் சொல்லலாம், கைரேகை தவறான இடத்தில் விழுந்திருக்கலாம், கடிகாரம் நின்றுபோயிருக்கலாம். அவை ஒவ்வொன்றையும் ஐயுற முடியும், ஐயுற முடிவதனாலேயே அவை தடயங்கள். ஐயுற இடமே தராத ஒன்றைத் தடயமாக்கும் கணத்தில் சத்தியான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மனிதர், உண்மையைத் தேடுவதை நிறுத்திவிட்டு அதைப் பெற்றுக்கொள்பவராகிவிடுகிறார். தோல்வி இங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டிச் சொல்லத்தக்க தோல்வி அது. ஆசிரியரின் சாதகக் கட்டத்தைப் புரட்டுவதற்கு அதில் எந்தத் தேவையும் இல்லை.

அமானுஷ்யம் தலைகாட்டினாலே கதை கெட்டுவிடும் என்பதும் இதன் பொருளன்று. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலில் ஆவி விளக்கமும் அறிவியல் விளக்கமும் ஒன்றையொன்று மடக்கியபடி முன்னேறுகின்றன. அவருடைய துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் எதையும் வாய்மூடி ஏற்றுக்கொள்வதில்லை, வாசகரும் கடைசிவரை இரு பக்கமும் சாய்ந்து பார்க்க முடிகிறது. பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே சென்னைத் தெருக்களை எழுதிய சுஜாதாவுக்கும் தமிழ் வாசகர்கள் இதே வகைச் சமாதானத்தைத் தாராளமாக வழங்கியிருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரா வாரம் இதழுக்கு அத்தியாயம் அனுப்பும் நெருக்கடியில் முடிவு அவசரமானது என்றும், வசந்தின் குறும்பு இருக்கும்போது கொலைகாரன் யாராயிருந்தால் என்ன என்றும் சொல்லிக் கடந்துபோவது இங்கே வழக்கமாகிவிட்டது. முடிவு ஏன் சரியில்லை, எந்த அத்தியாயத்தில் கதை தடம் மாறியது என்று கேட்கும் பழக்கம் அதனாலேயே வளராமல் போயிற்று.

சமாதான வாசிப்பு மறைத்துவிடும் இன்னொன்று, ஆசிரியர் தெரிந்தே எடுத்த கலை முடிவு. கடைசிக் கட்டத்துக் கதைகள் சிலவற்றில், வரிசையின் வழக்கமான கதைசொல்லியான அஜித் கதை சொல்வதில்லை. ‘பேணி சம்ஹார்’ கதையின் தொடக்கத்திலேயே சரதிந்து இதற்கு விளக்கம் தருகிறார்: அஜித்தின் நடை பழையதாகிவிட்டது, இந்தக் காலத்திலும் அவர் ‘சாது பாஷா’ என்னும் ஏட்டு வங்காளத்தின் வினைமுற்றுகளை விட்டு, ‘சலித பாஷா’ என்னும் வழக்கு வங்காளத்துக்கு வரவில்லை, பதிப்பு வேலையில் அவருக்கு நேரமும் இல்லை. சொற்களை எண்ணி எண்ணி வைக்கும் எழுத்தாளர் ஒருவர், மொழி மாறிய காலத்தோடு தம் கதைசொல்லியும் மாற வேண்டும் என்று எண்ணி எடுத்த முடிவை முதுமையின் தளர்ச்சி என்று கணக்கெழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முடிவு எண்ணி எடுக்கப்பட்டது என்பதால் அதன் விளைவு நன்றாகிவிடாது. அஜித் என்பவர் வாசகரின் அறியாமைக்குக் கதைக்குள் கொடுக்கப்பட்ட இருக்கை. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அந்த மறைப்பில் ஏமாற்று இல்லை. 1967இல் வந்த ‘சஜாருர் காண்டா’, அதாவது முள்ளம்பன்றி முள், கதையில் அஜித்தின் இடத்தை எல்லாம் அறிந்த ஒரு குரல் எடுத்துக்கொள்கிறது. மனம் ஒப்பாத திருமணத்தில் ஒரே வீட்டில் அந்நியர்களாக வாழும் தீபா, தேபாசிஷ் ஆகிய இருவரின் உள்ளங்களுக்குள்ளும் அந்தக் குரல் தடையின்றிப் போய்வருகிறது. அந்த இல்லறத்தின் மௌனம் ப்யோம்கேஷ் வரிசையில் வேறெங்கும் காண முடியாத நுட்பத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கொலையாளியின் மனவாசலில் மட்டும் அந்தக் குரல் காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறது. முதுகிலிருந்து இதயத்தை நோக்கிச் செருகப்பட்ட முள்ளிலிருந்து தேபாசிஷ் பிழைப்பதும், அவருடைய இதயம் வலப்புறம் அமைந்திருந்த தற்செயலால்தான். முதுமையையும் புணேயையும் பேசுபவர்கள் இக்கதையின் இந்த ஓட்டைகளையும் காண்பதில்லை. தீபாவின் அறையில் சரதிந்து எட்டிய உயரத்தையும் காண்பதில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் வரிசைக்கும் இதே நிலை நேர்ந்தது. 1926இல் வந்த இரு கதைகளை வாட்சன் இல்லாமல் ஹோம்ஸே சொல்கிறார். அவற்றில் ஒன்றில், வாட்சன் தம் எழுத்தில் கையாண்ட மறைப்பின் அருமையைக் கதைசொல்லும் நிலைக்கு வந்தபின் ஹோம்ஸே உணர்ந்து பேசுகிறார். கோனன் டாயில் ஆவியுலக நம்பிக்கையில் மூழ்கிவிட்டார் என்று சொல்லி அக்கதைகளை ஒதுக்குபவர்கள், கதைசொல்லி மாறியதால் புதிரின் கட்டுமானம் எப்படித் தளர்ந்தது என்னும் சுவையான கேள்வியைத் தொடாமலே போகிறார்கள்.

அகதா கிறிஸ்டியின் வழக்கு சற்று வேறு. 1972இல் வந்த ‘எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ நாவலில் வயதுகளும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் அவருடைய நாவல்களின் சொல்வளத்தை ஒப்பிட்டு, பல ஆண்டுகள் முன்பு எழுதிய நாவலோடு பார்க்கையில் இதில் அது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டி, மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று கருதினர். இங்கே வாழ்க்கைக் காரணத்துக்கு வலுவான சான்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த ஆய்வாளர்கள் தொடங்கிய இடத்தைக் கவனிக்க வேண்டும்: முதலில் பக்கங்களைப் படித்தார்கள், சொற்களை எண்ணினார்கள், குறையை அளந்தார்கள், அதன் பிறகே நோயின் பெயரைச் சொன்னார்கள். வாசகர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. நோயையோ ஊரையோ வயதையோ முதலில் சொல்லிவிடுவதால் பக்கங்களைத் திறக்கும் வேலையே இல்லாமல் போகிறது.

மன்னிப்பு, தீர்ப்புக்குப் பின் வர வேண்டியது. ‘சைல ரகசியம்’ எங்கே பிழைத்தது என்று வரியைக் காட்டிச் சொல்லக்கூடிய வாசகர் அதன் பிறகு சரதிந்துவை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். இரண்டும் அந்த எழுத்துக்குரிய மதிப்பைக் கொடுப்பவையே. ஆசிரியரின் வாழ்க்கையைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாத ப்யோம்கேஷ் கதை ஒன்றே ஒன்று உண்டு. அது ‘விசுபால வதம்’. அதை முடிக்கும் முன், 1970 செப்டம்பரில், சரதிந்து காலமானார்.