16 கிலோமீற்றரும் ஒரு சைக்கிளும்

வெரிபீயில் நண்பர் ஒருவருடைய வீட்டுக் கராஜில் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறோம். கார்களை வெளியே விட்டுவிட்டு, பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டு, தேநீரும் வடையுமாக இரண்டு மூன்று மணித்தியாலம். கடந்த ஆண்டு முழுவதும் ஒரே விடயத்தை எடுத்துக்கொண்டோம்: அவரவர் வாழ்க்கையில் போன மிக நீண்ட பயணம். நடையாக இருக்கலாம், சைக்கிளாக இருக்கலாம், காராகவும் இருக்கலாம். ஆனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கவேண்டும். வாயால் சொல்வது கணக்கில் இல்லை. இந்த நிபந்தனையால் சிலர் வராமலே விட்டார்கள். வந்தவர்களிடமிருந்து 14 கட்டுரைகள் சேர்ந்தன. இவற்றைச் சிறு நூலாக்கலாம் என்ற பேச்சு எழுந்து, முன்னுரை எழுதும் வேலை எம்மிடம் தரப்பட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து வாசித்தபோது முன்னுரைக்கு வேண்டிய நல்ல வார்த்தைகளை விடச் சில மனக்குறைகளே முன்னுக்கு வந்து நின்றன. அவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். எழுதியவர்களில் அநேகர் இச்சஞ்சிகையின் வாசகர்கள்தான். கோபித்தாலும் அடுத்த ஞாயிறு வடை தருவார்கள் என்ற நம்பிக்கை உண்டு.

14இல் ஐந்து கார்ப் பயணங்கள். அவற்றில் நான்கு, ஹியூம் நெடுஞ்சாலை வழியாகச் சிட்னிக்குப் போனவை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 900 கிலோமீற்றர். விடியப்புறம் புறப்பாடு, புளிச்சாதப் பொதி, பிளாஸ்கில் கோப்பி, பின் சீற்றில் சண்டை பிடிக்கும் பிள்ளைகள், பிறகு ஹொல்புறூக்கில் ஒரு நிறுத்தம். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தெருவோரப் புல்தரையில் ஒட்வே என்ற நீர்மூழ்கியின் மேற்பாகம் நிற்கிறது. நான்கு கட்டுரைகளிலும் குடும்பம் அதன்முன் நின்று படம் எடுக்கிறது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான்கு பேரும் கேட்கவில்லை. ஜேர்மன்ரன் என்று இருந்த ஊர் முதலாம் உலகப் போர்க்காலத்தில் தன் பெயரைத் துறந்து, துருக்கியப் போர்க்கப்பலொன்றை மூழ்கடித்த பிரித்தானிய நீர்மூழ்கித் தளபதி ஒருவரின் பெயரைச் சூடிக்கொண்டது. ஊர்ப்பெயர்களை மாற்றுவதன் அரசியலை நன்கு அறிந்த நாம் இதைப் படமெடுத்துக்கொண்டு மட்டும் கடந்துபோனது சற்று ஆச்சரியந்தான்.

ஐந்தாவது கட்டுரை வேறு சாதி. கணவர் இறந்தபின் 52 வயதில் கார் ஓடப் பழகிய ஒரு அக்கா, முதன்முதலாகத் தனியே வெரிபீயிலிருந்து ஜீலோங்குக்குப் போனதை எழுதியிருக்கிறார். 40 கிலோமீற்றர் சொச்சம். பக்கத்தால் லொறி போகும்போது ஸ்ரியறிங்கைப் பிடித்த கை நடுங்கியதும், ஒழுங்கை மாற மனம் வராமல் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதும் மட்டும் மூன்று பக்கம். 900 கிலோமீற்றர் ஓடியவர்களின் கட்டுரைகளில் வராத தூரம் இதில் வருகிறது.

இந்த ஐந்தையும் வாசிக்கையில் எழுதப்படாத வேறு இரண்டு பயணங்கள் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. 2023 ஓகஸ்ற் முதலாந் திகதி நீல் பரா என்ற ஈழத்தமிழர் பலரற்றிலிருந்து சிட்னிக்கு நடக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். 2012இல் படகில் வந்து, மனைவி பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்காக நிரந்தரமின்றி இருந்தவர். செப்ரெம்பர் 9ஆம் திகதி மரிக்வில்லில் பிரதமரின் தொகுதி அலுவலகத்தில் அந்த நடை முடிந்தது. முடியும் தறுவாயில்தான் அவருக்கும் குடும்பத்துக்கும் நிரந்தர வீசா என்ற செய்தி வந்தது. அதே செப்ரெம்பரில் அகதிப் பெண்கள் 22 பேர், தமிழரும் ஈரானியரும் முக்கியமாக, மெல்பேணிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடக்கப் புறப்பட்டு ஒக்ரோபரில் நாடாளுமன்றத்தின்முன் போய் நின்றார்கள். இவற்றைப் பற்றி எமது 14இல் ஒரு வரி இல்லை. இல்லாமற்போனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. கராஜில் கூடுகின்ற நாம் எல்லோரும் குடியுரிமைக்காரர். வீசா இல்லாத ஒருவரையும் நாம் அந்தக் கதிரைகளில் ஒன்றில் இருத்தியதில்லை.

பயணம் எழுதுவதில் தமிழுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ நம்மிடையே கொண்டாடப்படுகிற நூல், கொண்டாடத் தக்கதுந்தான். ஆனால் தலைப்பில் நடப்பது காவேரி. எழுதியவர்கள் போனது காரில். நடந்து போனவர்களைப் பார்க்க அந்தத் தலைப்பு பிறந்த சிலப்பதிகாரத்துக்கே திரும்பவேண்டியிருக்கிறது. புகாரை விட்டுப் புறப்பட்டுச் சற்றுத் தூரந்தான் போயிருப்பார்கள். அதற்குள் கண்ணகி களைத்து, மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் முப்பது காதத்தை, ஆறு என்றோ ஐந்து என்றோ அவள் எண்ணிக்கொள்ளும்படி சொல்லிச் சிரிக்கிறான், கிட்டத்தான் என்கிறான். அந்தப் பொய்யும் அந்தச் சிரிப்புந்தான் நடை. எவ்வளவு தூரம் என்பதல்ல, எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் வருகிறவருக்குச் சொன்னோம் என்பது.

இந்தப் பொய் எமது கட்டுரைகளிலும் வருகிறது, எழுதியவர்கள் அறியாமலே. 14இல் ஏழு கட்டுரைகள் வலிகாம இடப்பெயர்வைப் பற்றியவை. 1995 ஒக்ரோபர் 30 மாலை ஒலிபெருக்கி அறிவிப்போடு ஊர் எழும்பிய கதையை இவ்விதழ் வாசகருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சாவகச்சேரி ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மற்ற நாளில் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். அன்று பலருக்கு விடியும்வரை போதவில்லை. நான்கு கட்டுரைகளில் ஒரு பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறது; நான்கிலும் தகப்பனோ தாயோ பாலம் இந்தா தெரியுது என்கிறார். இருட்டில் பாலம் எங்கே தெரிந்தது!

ஆனால் இதற்கு முன்னும் பின்னும் வருகிற வசனங்கள்? மனித வெள்ளம், மனித அலை, எறும்புக் கூட்டம். ஏழிலும் இவை உண்டு. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் முதலில் சொன்னபோது இவற்றுக்கு உயிர் இருந்திருக்கும். 30 ஆண்டுகளாக நினைவுதினப் பேச்சுகளில் உருண்டு உருண்டு இப்போது கூழாங்கல்லாகிவிட்டன. வெள்ளத்துக்கு முகம் இல்லை. யார் முன்னுக்குப் போனது, யார் பின்தங்கியது, யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது இல்லை. அதே கட்டுரைகளுக்குள் குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்துக் குடித்ததும், மாமியாரின் கையைச் சேலைத் தலைப்பால் சைக்கிள் கரியரோடு கட்டிக்கொண்டதும், இலட்சக்கணக்கானோர் நடந்தும் சேற்றில் செருப்பு இழுபடும் சத்தமே பெரிதாகக் கேட்டதும் ஒவ்வொரு வரியாக வந்து மறைந்துவிடுகின்றன. அந்த வரிகளில் நின்றிருக்கவேண்டும். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இந்த இடத்தில் நமக்கு நல்ல பாடம். வன்னியின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர்களைச் சொல்லும் அந்த நாவல், சோறு, தண்ணீர், பதுங்குகுழி என்ற அன்றாடத்தை விட்டு விலகுவதே இல்லை. அழுவதற்கு வாசகனை அது அழைக்கவில்லை. அதனாலேயே பாரமாக இருக்கிறது.

கதிர்காமப் பாதயாத்திரை பற்றிய ஒரு கட்டுரையை விரைவாகச் சொல்லிவிடலாம். தன் பேத்தியார் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக மாதக்கணக்கில் நடந்ததைக் கேட்டு எழுதியிருக்கிறார் ஒருவர். 1983க்குப் பின் போர் அந்தப் பாதையைப் பல ஆண்டுகள் அறுத்துப்போட்டது. நூற்றுக்கணக்கான மைல் நடந்து திரும்பிய அந்த மனிசி, 95இல் கைதடிக்குமேல் நடக்கமாட்டேன் என்று தெருவில் இருந்துவிட்டாராம். இந்த ஒரு தகவலுக்காகவே அது அச்சேறவேண்டும்.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். 1990க்கும் 95க்கும் இடையில் குடாநாட்டில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கும் முதல் மூச்சுக்குச் சில துளி பெற்றோல் வேண்டும். மற்றெல்லாம் சைக்கிள்தான். விறகு, நெல், பிரசவ வேதனைப்பட்ட பெண், பிரேதம் எல்லாம் அதில் போயின. அதைக் கவிழ்த்துவைத்து மிதித்து டைனமோவில் வானொலி கேட்டோம். கிளாலிக் கடலைக் கடந்து வவுனியாப் பக்கம் போய்ச் சாமான் ஏற்றி வந்தவர்களின் ஓட்டம், எந்த வெளிநாட்டுப் போட்டிக்காரரும் நினைத்துப் பார்க்கமாட்டாத ஓட்டம். நமது இலக்கியத்தில் துவக்குக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை என்பது எமது நெடுநாள் முறைப்பாடு.

ஆகவே 14இல் சிறந்ததென்று நாம் கருதிய கட்டுரை ஒரு றலி சைக்கிளைப் பற்றியதாக இருந்ததில் வியப்பில்லை. 95இல் தாயாரைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பைகளைக் கொழுவி, ஓடாமல் உருட்டிக்கொண்டே தென்மராட்சி போனவர் எழுதியது. சங்கிலிப் பெட்டியின் கீறல், புடைத்த ரயரில் வைத்துத் தைத்த பழைய ரயர்த் துண்டு, தாயின் கால் சில்லுக்குள் போகாமல் கட்டிய பலகை எல்லாம் இருந்தன. மனித வெள்ளம் இல்லை. வாசித்து முடித்தபோது கராஜ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

இங்கே பிறந்து பல்கலைக்கழகம் படிக்கும் ஒரு பிள்ளைதான் கேட்டாள்.

“அங்கிள், அந்தச் சைக்கிள் உங்களுக்கு எப்பிடி வந்தது?”

“தொண்ணூறு கடைசியிலை மலிவா வாங்கினது, பிள்ளை. சோனகதெருப் பக்கத்துச் சாமான். அப்ப கனக்க வந்தது.”

சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விளங்கவில்லை. மற்ற எல்லோருக்கும் விளங்கியது.

1990 ஒக்ரோபர் 30. திகதியைக் கவனிக்கவேண்டும், ஐந்தாண்டு முந்திய அதே திகதி. அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூட்டி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதப் பிற்பகுதியில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். உடுத்த உடுப்பும் கையில் சொற்பக் காசுமாகச் சிலர் வாகனங்களில், பலர் நடந்து, மன்னார்ப் பக்கத்தார் வள்ளங்களில் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக அகதிகளாக இருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த பொருள்கள் விற்பனைக்கு வந்தன.

ஏழு கட்டுரைகளிலும் ஒக்ரோபர் 30 என்ற திகதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒன்றிலும் 1990 இல்லை. எழுதியவர்கள் கெட்ட மனிதர் அல்லர். சிலர் அன்று படலையில் நின்று பார்த்து அழுதவர்கள். பிறகு பேசியதில் அது தெரிந்தது. பிழை ‘நாம்’ என்ற சொல்லில் இருக்கிறது. நாம் நடந்தோம், நாம் இழந்தோம் என்று எழுதத் தொடங்கியவுடன் அந்தச் சொல் தன் எல்லையைத் தானே போட்டுவிடுகிறது; எங்கள் தெருவால் எங்களுக்கு முன் நடந்தவர்கள் அதற்கு வெளியே போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நாமும் அதே சொல்லால்தான் எழுதுகிறோம். இத்தனை கட்டுரைகளையும் திருத்தி, ஒற்றுப்பிழை பார்த்து, எந்தச் சந்தேகமும் வராமல் வைத்திருந்தவர்களும் நாமே. கேட்டது 20 வயதுப் பிள்ளை.

சில வாரங்களுக்குப் பின் சைக்கிள் கட்டுரைக்காரரோடு பெடரேஷன் பாதையில் நடந்தோம். மெல்பேணின் கழிவுநீர் வெரிபீப் பண்ணைக்கு வருவதற்காக 1890களில் கட்டிய வாய்க்காலோரம் போகும் பாதை அது. இப்போது சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் விட்டிருக்கிறார்கள். அவராகவே தொடங்கினார். இங்கே எழுதலாம் என்று பின்னர் சம்மதமும் தந்தார். சைக்கிளின் பின் மட்காட்டில் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் வெள்ளைப் பெயின்ற்றில் இருந்தனவாம். கொண்டுவந்த அன்றே கறுப்புப் பூசிக் காயவைத்துவிட்டுத்தான் ஓடினாராம். எந்த எழுத்துகள் என்று கேட்டோம். சொன்னார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மறக்கவில்லை.

“இதையும் எழுதவோ?” என்று கேட்டார்.

எழுதுங்கள் என்றோம். அது இல்லாமல் மற்றதெல்லாம் எவ்வளவு நல்லாயிருந்தாலும் பாதிக் கட்டுரைதான் என்றும் சொன்னோம். அவர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் வந்தார், வடையும் கொண்டுவந்தார். கட்டுரை வரவில்லை. அது வந்து சேரும்வரை தொகுப்பை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று இருக்கிறோம்.