முல்லர் மறந்த விண்ணப்பம்

ஜார்ஜ் முல்லரின் பெயரைக் கேட்டறியாத தமிழ்ச் சபை அரிது. ஜெபத்தைக் குறித்தோ விசுவாசத்தைக் குறித்தோ பிரசங்கிப்போர் பிரிஸ்டல் நகரத்து அநாதை இல்லங்களை நோக்கித் திரும்பாதிருப்பதில்லை. வெறுமையான உணவு மேசை, கூடியிருக்கும் பிள்ளைகள், ஜெபம், எதிர்பாராது வந்து சேரும் அப்பம் என்று அச்சித்திரம் நம் மனங்களில் நிலைத்துவிட்டது. எனினும் முல்லர் தாமே எழுதி, 1837ஆம் ஆண்டில் முதற்பகுதியாக வெளியிட்டு, பின்னர் பல பகுதிகளாக விரித்த தன்வரலாற்றை நேராக வாசித்தோர் நம்மிடையே சிலரே. அந்நூலை ஒரு பக்தி நூலாக மட்டுமன்றி, திக்கற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும் ஒரு நூலாகவும் வாசித்தால் நாம் கற்பது யாது என்பதே இக்கட்டுரையின் வினா. முல்லரின் விசுவாசத்தைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. அவர் நூலின் வழியே நமது இரக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதே நோக்கம்.

முதற்கண் அவருக்குரிய சிறப்பை அவருக்கு அளித்தல் நீதியாகும். 1805இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1829இல் இங்கிலாந்து வந்து, 1832 முதல் பிரிஸ்டலில் ஊழியம் செய்த முல்லர், 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் தம் பணியைத் தொடங்கினார். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்கீழ், பெற்றோரற்ற ஏழைப் பிள்ளைக்கு அந்நாட்டில் பெரும்பாலும் எஞ்சியிருந்த புகலிடம் கடுமையான பணியகங்களே. அக்காலத்தில், 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரும் இல்லங்களை எழுப்பி, 2,050 பிள்ளைகள் ஒரே காலத்தில் வாழ இடமமைத்தார். 1898இல் அவர் மறையுமுன் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களில் வளர்ந்திருந்தனர். கடன் வாங்காமை, எவரிடமும் நேரே பணம் கேளாமை, கொடுத்தோர் பெயரை விளம்பரப்படுத்தாமை, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வெளியிடுதல் ஆகிய நெறிகளை அவர் கைக்கொண்டார். 1841ஆம் ஆண்டின் இறுதியில் பணமுடை மிகுந்திருந்தபோது, அதனை மக்கள் அறிந்து கொடுத்துவிடுவரோ என்றெண்ணி ஆண்டுக் கூட்டத்தையே ஒத்திவைத்தார். தேவையைப் பெரிதாக்கிக் காட்டுவதே நன்கொடை திரட்டும் வழி எனக் கருதும் எக்காலத்தாரையும் நாணச் செய்யும் நேர்மை இது.

ஆயினும் அந்நூலின் உள்ளமைப்பை நோக்குங்கால் ஒரு கேள்வி எழுகிறது. தம் இல்லத்தின் நோக்கங்களை முல்லர் மறைவின்றி வரிசைப்படுத்துகிறார். தேவன் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று கண்கூடாக விளங்கி, அதனால் அவர் மகிமைப்படுவதே முதலாவது. பிள்ளைகளின் ஆவிக்குரிய நலமும் உலக நலமும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசையில் இறையியற் பிழை இருப்பதாக மேலோட்டமாகத் தோன்றாது. அனைத்தும் தேவ மகிமைக்கே என்பது நமது அறிக்கையன்றோ? ஆனால் இவ்வரிசை நூலின் நடையையும் வடிவத்தையும் எவ்வாறு ஆளுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பவுனும் ஷில்லிங்கும் பென்னியும் நாள்தோறும் பதிவாகின்றன. வெள்ளிக் கரண்டிகளும் மோதிரங்களும் கூட இடம்பெறுகின்றன. இல்லத்தில் வாழ்ந்த பிள்ளையோ அரிதாகவே பேசுகிறது. அது எதைக் கண்டு அஞ்சியது, யாரை எண்ணி இரவில் அழுதது என்று நாம் பெரும்பாலும் அறிவதில்லை. பிள்ளை இந்நூலில் ஒரு சான்றாக நிற்கிறது. சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை.

இதனை நாம் வலிந்து கூறவில்லை. நூலிலேயே இதற்கொரு திறவுகோல் உண்டு. இல்லம் திறக்குமுன் முல்லர் பணத்துக்காக ஜெபித்தார், வீட்டுக்காக ஜெபித்தார், ஊழியக்காரருக்காகவும் தளவாடங்களுக்காகவும் ஜெபித்தார். 1836 பெப்ரவரி 3ஆம் நாளைப் பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களைப் பெறும் நாளாகக் குறித்துச் சபை அறையில் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் தாம் யாவற்றுக்காகவும் ஜெபித்தும், பிள்ளைகளை அனுப்பும்படி மட்டும் ஜெபிக்கவில்லை என்பதை உணர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் ஏராளம், அவர்கள் தாமே வருவர் என்று எண்ணிவிட்டார். அன்று மாலையே அதற்காக மன்றாடினார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது.

பிரசங்கியார் இந்நிகழ்ச்சியை ஜெபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாகவே கையாளுகின்றனர். நமக்கோ இது நூல் முழுவதற்குமான உவமையாகத் தோன்றுகிறது. வீடு, பணம், பணியாளர் ஆகிய யாவும் பெயர் சொல்லி விண்ணப்பிக்கப்பட்டன. எவர் பொருட்டு அவை வேண்டப்பட்டனவோ அவர் மறக்கப்பட்டார். இம்மறதியைத் தாமே அறிக்கையிட்டு எழுதிய முல்லரின் பணிவு பெரிது. ஆனால் அம்மறதி அவரோடு முடிந்துவிட்டதா என்பதே நமக்குரிய கேள்வி.

இல்லத்தின் சேர்க்கை விதிகளும் சிந்திக்கத்தக்கவை. பிள்ளை முறையான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும், தாயும் தந்தையும் இருவரும் இறந்திருக்க வேண்டும், வறுமையுற்றிருக்க வேண்டும். இம்மூன்றும் கூடினாலன்றிக் கதவு திறவாது. அக்காலச் சூழலில் இவ்விதிகளுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். இடம் குறைவு, தேவை மிகுதி. எனினும் மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த பிள்ளை தன் குற்றமின்றியே விலக்கப்பட்டது. தாய் உயிரோடிருந்தும் தெருவில் அலைந்த பிள்ளை அநாதை எனக் கணிக்கப்படவில்லை.

இங்கு நமது தமிழ் வேதாகமம் நமக்கு உதவுகிறது. கிரேக்க மொழியில் 'ஓர்ஃபனோஸ்' எனப்படும் சொல்லை யாக்கோபு 1:27இல் நம் மொழிபெயர்ப்பாளர் 'திக்கற்ற' பிள்ளைகள் என்று பெயர்த்தனர். யோவான் 14:18இல் ஆண்டவர் தம் சீடரைத் தனியே விடுவதில்லை என்று வாக்களிக்கும் இடத்திலும் மூலத்தில் அதே சொல்லே வருகிறது. தமிழும் அதே சொல்லைக் காத்துள்ளது. திக்கு என்பது திசையும் ஆகும், புகலும் ஆகும். பெற்றோர் இறந்தனரா என்று அச்சொல் கேட்பதில்லை. செல்வதற்கு ஓரிடம் உண்டா, சார்வதற்கு ஓர் ஆள் உண்டா என்றே கேட்கிறது. அவ்வகையில் முல்லரின் விதியினும் நம் வேதாகமச் சொல் விரிவானது. இரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் உறங்கும் சிறுவனுக்குத் தாய் இருக்கலாம், திக்கு இல்லை.

அவ்வசனத்தின் வினைச்சொல்லும் கவனத்துக்குரியது. 'எபிஸ்கெப்தெஸ்தாய்' என்பதைத் தமிழில் 'விசாரித்தல்' என்றனர். மத்தேயு 25இல் நோயுற்றவரைப் பற்றிய இடத்தில் வருவதும் இதே வினையே. நம் ஊர்களில் ஒருவர் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிப்பதென்றால், அவர் பேசக் கேட்பது என்பது பொருள். திண்ணையில் அமர்ந்து, என்ன நேர்ந்தது, யார் யார் உளர், இப்போது என்ன வேண்டும் என்று வினவிய பின்னரே உதவி. ஆகவே கட்டடம் எழுப்புவதற்கு முந்தியது கேட்பது. கண்காணி என நாம் பெயர்த்துள்ள 'எபிஸ்கோபோஸ்' என்னும் சபைப் பொறுப்பும் இதே வேரில் பிறந்தது என்பதை நம் பேராயங்கள் மறவாதிருத்தல் நன்று.

முல்லரின் நூலுக்கு முன்னும் பின்னும் இத்தகைய வரலாறுகள் உண்டு. 1835இன் இறுதியில் ஹாலே நகரத்து ஃபிராங்கேயின் வரலாற்றை வாசித்ததே முல்லரைத் தூண்டியது. அந்த ஹாலே நமக்கும் அந்நியமன்று. அங்குக் கல்வி பயின்ற சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கு வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் நம் கரைக்கு வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. திக்கற்ற பிள்ளைகளுக்கு இல்லம் எழுப்பிய அதே பக்தி இயக்கத்தின் வழியாகவே அச்சேறிய நற்செய்தியை நாம் பெற்றோம். நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இலண்டனில் 1870இல் சிறுவர் இல்லம் திறந்த பர்னாடோ, முல்லரின் விதிகளுக்கு மாறாக, ஆதரவற்ற எப்பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்னும் கொள்கையை மேற்கொண்டார். கதவு அகன்றது, ஆனால் வேறொரு சோதனை நுழைந்தது. கந்தலணிந்த பிள்ளையின் படமும், திருந்திய அதே பிள்ளையின் படமும் அருகருகே அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. 1877இல் நடந்த நடுவர் விசாரணை அவர்மீதான பெருங்குற்றச்சாட்டுகள் பலவற்றைத் தள்ளியது. எனினும் உண்மையைத் திரித்துக் காட்டிய படங்களைக் கண்டித்தது. இரக்கம் காட்சியாக மாறும்போது பொய் அதன் உடன்பிறப்பாகிறது என்பதற்கு இது சான்று. பின்னர் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. 1869 முதல் பல பத்தாண்டுகளாக, பர்னாடோவின் அமைப்பு உட்படப் பல கிறிஸ்தவ அமைப்புகள், ஏறத்தாழ 1,00,000 பிள்ளைகளைப் பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அனுப்பின. ஆஸ்திரேலியாவுக்கும் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலருக்குப் பெற்றோர் இருந்தனர். இதற்காக ஆஸ்திரேலியப் பிரதமர் 2009இலும் பிரிட்டன் பிரதமர் 2010இலும் மன்னிப்புக் கேட்டனர். அப்பிள்ளைகளை அனுப்பியோர் பொல்லாதவர் அல்லர்; ஜெபித்தவர்களே. ஆனால் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரிக்கவில்லை.

நம் மண்ணிலோ டோனாவூர் இருக்கிறது. 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901இல் தம்மிடம் தஞ்சம் புகுந்த ஒரு சிறுமியோடு தொடங்கிய பணியை 1951இல் மறையும்வரை தாயகம் திரும்பாமலே செய்தார். 1903 முதல் அவர் எழுதிய நூல்கள் மேனாட்டு வாசகரை முன்வைத்து எழுதப்பட்டவை. இந்து சமூகத்தைப் பற்றிய அவற்றின் தொனியை நாம் இன்று அப்படியே ஏற்க இயலாது. ஆனால் அவ்வில்லத்தின் வாழ்வு அந்நூல்களைவிடச் சிறந்தது. அங்குப் பிள்ளைகளை வளர்த்தோர் மேற்பார்வையாளர் என்றோ தாதியர் என்றோ அழைக்கப்படவில்லை; அக்காள், சித்தி, அண்ணாச்சி எனப்பட்டனர். பிள்ளை இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளே அதன் திருநாளாகக் கொண்டாடப்பட்டது. திக்கற்றவருக்கு உறவுமுறைச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தது அவ்வில்லம். சங்கீதம் 68, தேவனைத் திக்கற்றவரின் தகப்பனாகக் கூறிய உடனே, தனித்தவருக்கு வீடமைக்கிறவராகவும் கூறுவதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். உறவில்லாமல் கூரை மட்டும் தருவது அவ்வாக்கின் பாதியே.

இன்றைய ஆய்வும் இதனையே உணர்த்துகிறது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டனர். அவர்களின் அறிவு வளர்ச்சி, இல்லங்களிலேயே தங்கிய ஏனையோரினும் மேம்பட்டிருந்ததாக 2007இல் வெளியான முடிவுகள் காட்டின. எவ்வளவு இளமையில் குடும்பம் கிடைத்ததோ அவ்வளவு நன்மை விளைந்தது. நமது நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கொள்கிறது. முல்லரின் நிறுவனமே 1958இல் ஆஷ்லி டவுன் கட்டடங்களை விட்டு நீங்கிச் சிறு குடும்ப வீடுகளை நாடியது. நிறுவனரை மதித்தோர் அவர் கட்டிய சுவரை விட்டுவர அஞ்சவில்லை.

அப்படியாயின் இல்லங்களை மூடிவிடலாமா என்று கேட்கக்கூடும். அது எளிதான விடை, ஆகவே ஐயத்துக்குரியது. வீட்டில் அடிபட்டு ஓடிவந்த பிள்ளையை உடனே அவ்வீட்டுக்கே அனுப்புவது இரக்கமன்று; இன்றிரவு படுக்க இடம் வேண்டும். ஆனால் வறுமையொன்றே காரணமாகத் தாயைப் பிரிந்த பிள்ளையை நம் இல்லத்தில் வைத்து, அதற்காகச் செலவிடும் பணத்தை அத்தாய்க்குக் கொடுக்க மறுப்போமாயின், நாம் தாங்குவது பிள்ளையையா, நிறுவனத்தையா? நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் தன் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ பாட்டியோ உண்டு என்பதை எண்ணிப் பார்க்கட்டும். சபைகள் வளர்ப்புக் குடும்பங்களைத் தேடி ஆயத்தப்படுத்தட்டும். இல்லத்தில் வளர்ந்து பெரியவரானோர் ஆட்சிக்குழுவில் அமர்ந்து பேசட்டும். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒருநாள் சென்று, உடையும் இனிப்பும் வழங்கிப் படமெடுத்துத் திரும்பும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தையும் படத்தையும் இதழ்களில் வெளியிடுவதை மேற்கூறிய சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது என்பதைச் சபை இதழ்களின் ஆசிரியர் பலர் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

உபாகமம் 24இல் வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது என்னும் கட்டளை உண்டு. அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது. அங்குக் கொடுப்பவன் நிற்பதில்லை. பெறுபவன் நன்றி கூறத் தேவையில்லை. அறிக்கையும் இல்லை, படமும் இல்லை. பணத்தின் கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பதை முல்லரிடமிருந்து கற்போம். பிள்ளையின் துயர் அக்கணக்கின் அணிகலனாகலாகாது என்பதை இக்கட்டளையிலிருந்து கற்போம்.

அரிக்கட்டை மறக்கலாம், பிள்ளையை மறக்கலாகாது. முல்லர் ஒரு மாலையில் தம் மறதியை உணர்ந்து முழங்காற்படியிட்டார். நம் விண்ணப்பங்களிலும் வரவுசெலவுத் திட்டங்களிலும் விடுபட்டிருப்பது எப்பிள்ளை என்று அறியும் மாலை நமக்கும் வர வேண்டும். அறிந்த மறுநாளே விசாரிக்கப் புறப்படுவோமாக.