சோபியாவின் இரு போர்கள்

ஆலிஸ் வாக்கர் எழுதி 1982-ல் வெளிவந்த 'தி கலர் பர்ப்பிள்' நாவல், 1983-ல் புலிட்சர் பரிசு பெற்றது. 1985-ல் அது திரைக்கு வந்தபோது எழுந்த கண்டனம் யாது? கறுப்பின ஆடவரைப் பெண்ணை வதைக்கும் கொடியவராகக் காட்டிவிட்டதாம். வெள்ளை வெறியர் கையில் ஆயுதம் தந்துவிட்டதாம்!

இழிவு பேசக் காத்திருக்கும் கூட்டம் உண்டு, மறுக்கவில்லை நாம். அதற்காக அடிபட்டவள் வாய்பொத்தி நிற்கவேண்டுமா?

சோபியாவைப் பாருங்கள். அவளை அடித்து அடக்கும்படி கணவன் ஹார்ப்போவுக்கு வழி சொன்னவருள் ஒருத்தி யார் தெரியுமா? தன் கணவனிடம் அடிபட்டு அடிபட்டு நைந்துபோன சீலி! அடிமைத்தனம் உள்ளத்தில் ஊறிய கொடுமையை இதைவிடத் தெளிவாக உரைக்க முடியாது. சோபியாவோ அடங்கவில்லை; திருப்பி அடித்தாள். பின்னொருநாள் வெள்ளை மேயரின் மனைவி, தன் வீட்டு வேலைக்காரியாக அவளை அழைத்தாள். மறுத்தாள் சோபியா. மேயர் அறைந்தான், அவனையும் வீழ்த்தினாள். விளைவு? காவலர் அடியில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. சிறை; பிறகு அதே மேயர் வீட்டில் ஊழியம்.

ஹார்ப்போ கேட்டதும் பணிவு, மேயர் கேட்டதும் பணிவு. மேயரைத் தூற்று, ஹார்ப்போவை மறை என்போர், சோபியாவில் பாதியைத்தான் காண்கின்றனர்.

குறையும் உண்டு. நெட்டியின் ஆப்பிரிக்கக் கடிதங்கள் நீள்கின்றன. அவற்றைச் சுருக்கி, சோபியாவின் சிறைநாட்களுக்கு இன்னும் சில பக்கங்கள் தந்திருக்கலாம்.