மடக்குக்கத்திக்கு விலை சொல்வது

லேபிள் வெட்டிய சட்டை காதர்பேட்டைச் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பது பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிற எவருக்கும் தெரியும். நூல் அதேதான், தையலும் அதேதான். கழுத்துக்குப் பின்னால் இருந்த துண்டுத் துணி போனதும் விலை பாதாளத்துக்கு இறங்கிவிடும். பழைய மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவர்கள் ஒரு கத்திக்கு விலை சொல்லும் முறையைக் கவனித்தால் அங்கும் அந்த லேபிள் கணக்குதான் பெரிதாக நிற்கிறது.

ஏற்றுமதி வேலையாக ஐரோப்பா போய்வருகிறவர்கள் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி வாங்கி வருவதுண்டு. பழைய வீடுகளின் மேசை இழுப்பறையில் ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி கிடந்தாலும் கிடக்கும். எடுத்துக் காட்டினால் "எவ்வளவுக்குப் போகும்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லச் சேகரிப்பாளர்கள் உருவாக்கி வைத்திருக்கும் முறையில் பாதி அருமையானது. மீதிப் பாதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அருமை எதில் என்றால், அவர்கள் வாய்ப்பேச்சுக்கு விலை வைப்பதில்லை. "எங்க தாத்தா காலத்துக் கத்தி" என்று விற்பவர் எத்தனை முறை சொன்னாலும், அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் பொறித்திருக்கும் முத்திரையைத்தான் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970-இல் தன் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் வைத்தது. பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் ஏழு புள்ளி இருந்தால் அது 1973. சுவிஸ் கத்தியின் பெயரிலேயே காலம் இருக்கிறது. கார்ல் எல்செனர் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1909-இல் அவருடைய தாய் விக்டோரியா இறந்த பிறகு அவர் பெயரை ஏற்றது. துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 1921-இல் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரிநாக்ஸ் ஆனது. அந்த முழுப்பெயர் பொறித்த கத்தியை முதல் உலகப் போர்க் காலத்தது என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

அடுத்து கத்தியின் உடம்பு. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்துக்கும் கூர்முனைக்கும் நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கத்தியை மெதுவாக மடக்கினால் வில் இறுகி, கடைசியில் 'டக்' என்று தானாக உள்ளே விழும். வில் தளர்ந்த கத்தி சத்தமில்லாமல் சரியும். அலகைத் திறந்து இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சாணைச் சக்கரத்தில் அவசரமாகப் பிடித்திருந்தால் அலகில் குறுக்குக் கோடுகள் விழுந்திருக்கும். அந்த ஒரு நிமிட வேலை விலையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். பிடி செல்லுலாய்டாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது நாளடைவில் சிதைந்து அமில ஆவியைக் கக்கும். பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருவேற வைக்கும். இதையெல்லாம் பார்த்து ஒருவர் விலை குறைத்தால், அது நியாயமான குறைப்பு.

என் முதல் வழக்கு முத்திரையின் மேல்தான். சுவிஸ் ராணுவத்துக்கு 1891-இல் போன முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில், வெஸ்டர் என்ற நிறுவனம் செய்தவை. உள்நாட்டில் செய்து கொடுக்க வேண்டும் என்று எல்செனர் இறங்கியது அதற்குப் பிறகு. நாட்டின் பெயரே லேபிளாகிவிட்ட கத்தியின் பிறப்பு இப்படி. முத்திரை காலத்தைச் சொல்லும், செய்த இடத்தையும் பல நேரம் சொல்லும். வேலைப்பாட்டின் தரத்தைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஆனால் விலைப்பட்டியலில் அந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள்.

இதில் அடிபடுவது நம் பக்கத்துக் கைவேலை. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் செய்யும் ராம்பூரி மடக்குக்கத்தி இந்தியா முழுக்கப் பெயர் தெரிந்த ஒன்று. இந்திப்பட வில்லன்கள் கையில் 'கடக்' என்று திறந்து பிரபலமானது. எத்தனையோ கொல்லர்கள் செய்த அந்தக் கத்திகளுக்குப் புள்ளிக் கணக்கு கிடையாது, ஆண்டுவாரிப் பட்டியல் கிடையாது. அதனால் பூட்டும் வில்லும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உலகச் சேகரிப்புச் சந்தையில் அது 'வேடிக்கைப் பொருள்' வரிசையில்தான் நிற்கிறது. ஊர்க்கொல்லர் அடித்துத் தந்த கத்திக்கு அந்த வரிசையும் இல்லை. பதிவேடு இருந்த ஊருக்கு விலை, இல்லாத ஊருக்கு இல்லை என்பதைத் தரமதிப்பீடு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அதே சந்தை நம் காட்டுப் பொருளுக்கு மட்டும் தாராளமாகக் கொடுக்கிறது. ஷெஃபீல்டு, சோலிங்கன், அமெரிக்கக் கத்திகளில் அதிகம் தேடப்படும் பிடிகளில் ஒன்று இந்தியக் கடமான் கொம்பு. 1990-களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியதும் பழைய கொம்புப் பிடிகளுக்கு மவுசு இன்னும் கூடியது. தந்தப் பிடி வேறு விஷயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திருத்தங்களுக்குப் பிறகு இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கு இடமில்லை. தாத்தாவின் தந்தப்பிடிக் கத்திக்கு வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து விலை கனவு காண்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் இரண்டாவது வழக்கு, ஒரு தடவைகூடத் தீட்டாத, பெட்டி கலையாத கத்திக்கே உச்ச விலை என்ற விதி. பழைய கத்திகளில் அந்த விதிக்குக் காரணம் உண்டு. மற்றவை எல்லாம் மாங்காய் நறுக்கி, பென்சில் சீவி, கயிறு அறுத்துத் தேய்ந்து போனதால்தான் தேயாத ஒன்று அபூர்வமானது. விதியைப் புதுக் கத்திகளுக்கும் நீட்டியபோதுதான் கோளாறு தொடங்கியது. நினைவுப் பதிப்பு, வரிசை எண் போட்ட பதிப்பு என்று பெட்டியில் வைப்பதற்காகவே கத்தி செய்யத் தொடங்கினார்கள். ஃபிராங்க்ளின் மின்ட் நிறுவனம் அந்த வியாபாரத்தில் பெயர் பெற்றது. வாங்கிய எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் அது எந்தக் காலத்தில் அபூர்வமாகும்? சேமிப்பு என்று நம்பி வாங்கியவர்களில் பலர் விற்கப் போகும்போது கொடுத்த காசே திரும்பாமல் நிற்கிறார்கள். பதினைந்து வருஷம் சட்டைப்பையில் கிடந்து, சாம்பல் நிறம் ஏறி, தீட்டுக்கல்லில் பதமாகத் தீட்டிய, வில் இன்னும் 'டக்' என்று விழும் கத்தி அந்த எஃகும் பதமும் எப்படிப்பட்டவை என்பதை நிரூபித்துவிட்டது. பெட்டிக் கத்தி அந்தப் பரீட்சையையே எழுதவில்லை. விலைப்பட்டியலில் உழைத்த கத்தி எப்போதும் கீழே கிடக்கிறது.

உழைத்த கத்திக்குத் தனி வரிசை வேண்டும் என்பேன். அங்கே தேய்மானம் குறையாக எண்ணப்படக் கூடாது. ஒழுங்காகத் தேய்ந்ததா, சக்கரத்தில் சிதைந்ததா என்பதே கேள்வி. வில், ஆணி, ஆட்டம் மூன்றையும் அதே கண்டிப்போடு பார்க்கலாம். செய்த கொல்லரின் பெயரும் ஊரும் தெரிந்தால் அதை முத்திரைக்குச் சமமாக எழுதிக்கொள்ளலாம். இதிலும் பொய் சொல்ல இடம் உண்டு என்பது உண்மைதான். போலி முத்திரை அடிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அதற்காக முத்திரை பார்ப்பதை யாரும் விட்டுவிடவில்லை.

வீட்டு இழுப்பறையில் பழைய கத்தி இருப்பவர்கள் விலை கேட்கப் போவதற்கு முன் சாணைக்குக் கொடுத்துப் பளபளப்பாக்க வேண்டாம். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, முத்திரையைத் தேய்க்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.